ஜக்கையனின் எடை

என் தம்பி ஜக்கையன் பிறந்தபோது நாலே முக்கால் கிலோ. இரண்டு வருஷம் முன்னால் பிறந்த நான் நாலரை. அவனைத் தூக்கிப் பார்த்த நர்ஸ், "பயில்வான் பொறந்திருக்கான்" என்றாராம். என்னைத் தூக்கிப் பார்த்தவர், "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வெயிட்டா" என்றாராம். இரண்டையும் எங்கள் ஆத்தா ஆயம்மாள் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டுதான் சொல்லும்.

எங்களுக்கு ஊர் ராசிங்காபுரம். ஆத்தாவுக்கு வேலை போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்தில். சின்னப் பிள்ளையில் நான் ஆத்தாவோடு தோட்டத்து லைன் வீட்டில் இருந்தேன். ஏழாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடம். தம்பி அப்பாவோடு ஊரில் இருந்து தமிழில் படித்தான். அப்பா இறந்த பிறகு நானும் ஆத்தாவும் ஊருக்கு வந்துவிட்டோம். நான் போடியில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து முடித்தேன். அவன் பத்தாவதோடு நின்று, போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கப் போனான்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே உடம்பு அகலம். இருபது வயதில் அவன் நூற்றுப் பத்து கிலோ இருந்தான். கடைத்தெருவில் அவனுக்கு வழிவிட்டு நின்று பார்ப்பார்கள். நான் தொண்ணூற்று நாலு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். மூன்றாவது முறை, ஆத்தா என்னை உட்கார்ந்தபடியே இருக்கச் சொன்னது. எழுந்தால்தானே தெரியும்.

அவன் சண்டைக்காரன் ஆனது ஒரு ஜீப்பால். ஐந்தாறு வருஷம் முன்பு, ஐப்பசி மழையில், மெட்டுச் சாலையின் பன்னிரண்டாவது வளைவில் முத்துப்பாண்டி அண்ணன் ஓட்டிய ஜீப்பின் பின் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. நான் அப்போது தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தம்பி அன்றைக்கு லோடு ஏற்ற வந்திருந்தான். வேலையாட்களை இறக்கிவிட்டு, அவன் வலது பக்கம் பிடித்தான், நான் இடது பக்கம் பிடித்தேன். தூக்கி மேலே வைத்துவிட்டோம். முத்துப்பாண்டி அண்ணன் அதைப் போனில் எடுத்தார். ஒரு வாரத்தில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். படத்தின் இடது ஓரத்தில் மணிக்கட்டு வரை ஒரு கை தெரியும். அது என்னுடையது.

படம் எடுத்த மறுநாளே ஜீப்பில் கேட்டேன். "என்னைய மட்டும் ஏண்ணே விட்டீக?"

"ஒந்தம்பிக்கே போன்ல எடம் பத்தலத்தா," என்றார் முத்துப்பாண்டி அண்ணன். "ஒன்னையும் சேத்து எடுக்கணும்னா நான் கேரளாவுக்குள்ள போயி நின்னுல்ல எடுக்கணும்."

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கொச்சியிலிருந்து சாபு சேட்டன் கூப்பிட்டார். கூண்டுக்குள் சண்டை பழக்குகிற எம்.எம்.ஏ. பயிற்சிக்காரர். வீட்டில் மலையாளம் பேசத் தெரிந்தவள் நான்தான் என்பதால் போன் என் கைக்கு வந்தது. வயது, உயரம், எடை கேட்டார், சொன்னேன். வீட்டில் இதே உடல்வாகில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னேன்.

அவன் கொச்சிக்குப் போனான். முதல் வருஷம் அவர் சொல்வதெல்லாம் என் போன் வழியாகத்தான் அவனுக்குப் போகும். இடது காலை முன்னால் வை, தாடையை இறக்கு, கழுத்தை நெரித்தால் தாமதிக்காமல் தரையில் தட்டி ஒத்துக்கொள். ஸ்டோரில் உட்கார்ந்தபடி நான் தமிழில் சொல்லுவேன். சொல்லும்போது மேஜைக்கு அடியில் என் இடது கால் முன்னால் போகும்.

இந்த நாட்டில் ஹெவிவெயிட்டில் சண்டை போட ஆள் குறைவு. அதனால் தோற்றாலும் அவனை மறுபடி கூப்பிட்டார்கள். முதல் சண்டையில் நாற்பது விநாடியில் தோற்றான். பிறகு மூன்று ஜெயித்தான். அறிவிப்பாளர்கள் அவன் பேரைச் சுருக்கி 'ஏலமலை ஜாக்' என்றார்கள். போடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை பேனர் வைத்தார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆத்தா நாளைக்குப் பன்னிரண்டு முட்டை அவிக்கும். வெள்ளைக்கரு மட்டும்தான் அவன் தின்ன வேண்டும் என்பது சாபு சேட்டன் உத்தரவு. மஞ்சள்கருவை வீணாக்கக் கூடாது என்று ஆத்தா என் தட்டில் போடும். பத்து நாள் கழித்து என்னைப் பார்த்து, "நீ ஏண்டி இப்படி ஊதுற?" என்று கேட்கும்.

அவனிடம் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. வரும்போதெல்லாம் எனக்குச் சுடிதார் வாங்கி வருவான். அளவு சரியாக இருக்கும். அதுவே எனக்கு எரியும்.

போன வருஷத்துக்கு முந்தின பங்குனியில் அவனுக்குப் பெரிய சண்டை ஒன்று வந்தது. கொச்சியில், அரியானாக்காரர் ஒருவரோடு. ஜெயிக்கிறவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம், வெளிநாட்டில் சண்டைகள். அவன் வயதுக்கும் முழங்காலுக்கும் இதைவிட்டால் இன்னொன்று வராது என்று சாபு சேட்டன் என்னிடமே சொன்னார். "மோளே, அவனைப் பார்த்துக்கோ" என்றார்.

ஹெவிவெயிட்டிலும் ஒரு வரம்பு உண்டு. நூற்று இருபது கிலோ இருநூறு கிராம். அதற்கு மேல் போனால் சண்டை இல்லை. ஜக்கையன் எப்போதும் நூற்றுப் பதினெட்டில் நிற்பான். ஆனால் அந்த வாரம் அவன் ஜெயிப்பதற்காக ஆத்தா குலசாமிக்குக் கிடாய் வெட்டியது. யாருக்காக நேர்ந்ததோ அவன் தின்னாவிட்டால் சாமி ஏற்காது என்று சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பரிமாறினார்கள். மூன்று நாள் கறிச்சோறு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொச்சியில் எடை பார்க்கிறார்கள். அன்று காலையில் வீட்டுத் தராசில் பார்த்தால் நூற்று இருபத்திரண்டரை.

சாபு சேட்டனிடம் சொல்லப் பயந்தான். "அக்கா, ஒங்க ஸ்டோரு சூட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா எறங்கிரும்ல?" என்றான்.

ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். கீழே விறகு எரியும், குழாய் வழியே சூடு உள்ளே போகும். காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி அடைத்துவிட்டால் உள்ளே ஐம்பது டிகிரி இருக்கும். கதவை அடிக்கடி திறந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். அதனால் ஸ்டோரைக் கவனித்துக்கொள்ளும் மொக்கச்சாமி மாமா முதலில் மறுத்தார். பிறகு, பேனரில் இருப்பவன் வந்து கேட்டதால், காய் இறக்கிவிட்ட ஓர் அறையைக் கொடுத்தார்.

பத்து நிமிஷம் உள்ளே, ஐந்து நிமிஷம் வெளியே. கதவுக்கு வெளியே நான் போனில் நேரம் பார்த்தேன். அவன் வரும்போதெல்லாம் ஏலக்காய் வாசனை ஆளை அடித்தது.

"மாப்ளே, காயின்னா கிலோவுக்கு இத்தனைனு போட்டு வித்துருவேன். ஒன்னைய எந்தத் தரத்துல சேக்குறது?" என்றார் மொக்கச்சாமி மாமா.

"எட்டு மில்லி போல்டுல சேருங்க மாமா," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. ஏலக்காயில் பெரிய காய்க்கு அதுதான் பேர்.

பதினோரு மணிக்கு மூட்டை எடை பார்க்கிற மின் தராசில் ஏறினான். நூற்றுப் பத்தொன்பது கிலோ அறுநூறு. அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். மாமா கைதட்டினார். அவன் இறங்கிய பிறகு நான் தராசைப் பார்த்தேன். ஒன்றும் இல்லாதபோது அது பூஜ்யம் காட்டவில்லை. கழித்தல் ஒரு கிலோ காட்டியது.

எனக்குக் காரணம் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவளே நான். மூட்டை போடும்போது சாக்கும் அதற்குள் போடுகிற பிளாஸ்டிக் பையும் சேர்ந்து ஒரு கிலோ வரும். முன்பெல்லாம் அதைப் பேரேட்டில் கழிப்போம். புதுத் தராசு வந்த பிறகு காலையிலேயே அதில் கழித்து வைத்துவிடுவேன். தம்பி மூட்டை தூக்கிய காலத்தில் இந்தத் தராசு இல்லை. அவன் உண்மையில் நூற்று இருபது கிலோ அறுநூறு. இன்னும் நானூறு கிராம் அதிகம்.

சொல்ல வாயெடுத்தேன். மாமா அவன் தோளில் துண்டைப் போட்டு, "எங்க ஸ்டோருலதாம்ல ஒன்னைய வாட்டி எடுத்தோம், டிவில கேட்டா சொல்லிப்புடு" என்றார். அவன் சிரித்தான். அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை. கொச்சி போவதற்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முத்துப்பாண்டி அண்ணன் ஜீப்பில் கிளம்பினோம். பூப்பாறை தாண்டும்போது சொல்லலாம் என்று இருந்தேன். மூணாறில் நிறுத்தியபோது இரண்டு பேர் அவனோடு நின்று படம் எடுத்தார்கள். போனை என்னிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அடிமாலியில் சாயாக் கடை. முந்தின நாள் மதியத்திலிருந்து அவன் வாயில் தண்ணீர் படவில்லை. உதடு வெடித்திருந்தது. "நூத்தி இருவதுக்கே நானூறு கிராம் கையில இருக்குல்லக்கா? வரம்புக்கு எரநூறு வேற. ரெண்டு அப்பம் திங்கலாமா?" என்று கேட்டான். என்னிடம்தான் கேட்டான். முத்துப்பாண்டி அண்ணன் முந்திக்கொண்டு, "தின்னுடா, சண்டைக்குத் தெம்பு வேணாமா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் இரண்டு அப்பம் தின்றான். சீரகத் தண்ணீர் ஒரு தம்ளர் குடித்தான். இன்னொரு தம்ளர் குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்குவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அப்போது பயமும் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதி இருந்தது. ஒரு தடவையாவது எடை அவனுக்கும் கெடுதல் செய்யட்டும்.

ஆறு மணிக்கு, கேமராக்களுக்கு முன்னால், நூற்று இருபது கிலோ தொள்ளாயிரம். கூட்டத்தில் சிரிப்பு. ஹெவிவெயிட்டில் எடை தப்புகிறவனை யாரும் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். சாபு சேட்டன் எந்தத் தராசில் பார்த்தாய் என்று மலையாளத்தில் கத்தினார். ஜக்கையனுக்கு அதற்குள் மலையாளம் வந்திருந்தது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவன் என் பக்கம் திரும்பினான்.

பின்னறையில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக் கயிறு தாண்டிக்கொண்டே கேட்டான். "அக்கா, அந்தத் தராசு தப்பா?"

"சாக்குக் கழிவு போட்டிருந்துச்சு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீ எறங்குன ஒடனே."

கயிறு நிற்கவில்லை. முப்பது நாற்பது தடவை தாண்டியிருப்பான். பிறகு, "தண்ணி குடிக்கைலயாவது சொல்லிருக்கலாம்லக்கா" என்றான்.

"சொல்லிருக்கலாம்," என்றேன்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். துப்பித் துப்பி ஒரு குவளையை நிரப்பினான். தலையை மொட்டை அடித்தார்கள். ஏழு மணிக்கு, இடுப்பில் துண்டுகூட இல்லாமல், நாலு பேர் துணி பிடித்து மறைக்க, நூற்று இருபது கிலோ இருநூறு. எடை வரம்பில் சரியாக நின்றது. அவனால்தான் நிற்க முடியவில்லை.

மறுநாள் இரண்டாவது சுற்றில் கால் பின்னிக்கொண்டது. அரியானாக்காரர் அவனைக் கீழே தள்ளி மேலே ஏறியபோது எழுந்திருக்க அவனுக்குத் தெம்பில்லை. நடுவர் நிறுத்தினார். ஒப்பந்தம் அரியானாக்காரருக்குப் போனது.

ஊருக்கு வந்தபோது, ஜெயித்திருந்தால் வந்திருக்கும் கூட்டத்தைவிட அதிகம் பேர் பார்க்க வந்தார்கள். ஆத்தா எல்லோர் முன்னாலும் கேட்டது. "என்னதான்டா ஆச்சு அப்பு? கிடாய்ல ஏதும் கொறையா?"

நான் வாசல்படியில் நின்றேன். இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

"அவன் நல்லா அடிச்சான் ஆத்தா. அம்புட்டுத்தான்," என்றான். பிறகு, "அக்கா நேத்துலருந்து சாப்புடல, சோத்தப் போடு" என்றான்.

வந்தவர்கள், தோற்றும் அக்காமேல் எவ்வளவு பாசம் பார் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இன்று வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சண்டை போடுகிறான், சின்னச் சின்ன ஊர்களில். பதினோரு சண்டையில் ஆறு வெற்றி. முழங்காலில் ஓர் ஆபரேஷன் ஆகிவிட்டது. எனக்குச் சுடிதார் இன்னும் வாங்கி வருகிறான். ஆனால் எடை பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. போன ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் போடிதான், பேர் அனுப்பிரியா, நாற்பத்தாறு கிலோ. அவளுக்குத் தராசும் தெரியாது, மலையாளமும் தெரியாது, சண்டையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். அவள்தான் கூடப் போகிறாள்.

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "மதினி, நூத்திப் பதினெட்டு நானூறு. அத்தைக்குப் போன் கெடைக்கல, நீங்க சொல்லிருங்க."

"நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஆமா மதினி. கிட்ட நின்னு பாருன்னு அவருதான் சொன்னாரு."

சரி என்று வைத்தேன். ஆத்தா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தது. போய் எண்ணைச் சொன்னேன்.