போன கோடையின் தண்ணீர்

அறையை விட்டு வெளியேறும்போது அவருடைய வலது கை தானாகச் சுவிட்சுப் பலகைக்குப் போகும். உள்ளே ஆள் உண்டா என்று கண் பார்ப்பதற்குள் கை வேலையை முடித்துவிடும். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து எத்தனையோ முறை இருட்டில் சோற்றில் கைவைத்தபடி மகள் கத்தியிருக்கிறாள், "அப்பா, நான் இங்கதான் இருக்கேன்!" விளக்கு திரும்ப எரியும். தப்பு என்று ஒரு சொல் வராது. "இருக்கேன்னு முன்னாடியே சத்தம் குடுக்க வேண்டியதுதானே?" என்பார்.

தெருவில் அவருக்குச் 'சுவிட்சு' என்றே பெயர். அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறையில் மோட்டார் போடுபவர். தொட்டி நிறைந்த பிறகும் ஓடினால் தண்ணீர் வீண். கிணறு வற்றிய பிறகும் ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மோட்டாரை எரியவிட்டு, நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து சும்மா ஓடும் எதைக் கண்டாலும் நிறுத்திவிடுவார்.

"கடிகாரத்த மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க? அதுவும் பாவம், சும்மாதான ஓடுது" என்பாள் அம்மா.

மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மேற்படிப்பில் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு, கிணறுகளில் தண்ணீர் இறங்கும் வேகம். மழை ஓய்ந்ததிலிருந்து கோடை முடியும்வரை வாராவாரம் அளக்க வேண்டும். கூடப் போனவர் அவர்தான். கிணற்றின் மேல் குனிந்து, நுனியில் ஈயக்குண்டு கட்டிய அளவுநாடாவை இறக்கி, குண்டு தண்ணீரைத் தொட்டதும் எண்ணைச் சொல்வார். அவள் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து, மடியிலிருக்கும் லேப்டாப்பில் அப்போதே பதிந்துவிடுவாள். அந்த ஆய்வு நன்றாக அமைந்தால் முனைவர் படிப்புக்கு இடம் உண்டு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த இடம் ஒன்றுதான் அவள் கண்ணில் நின்றது.

லேப்டாப் யாரோ பயன்படுத்திக் கழித்தது. காலை நேரத்தில் அவர் அதில் சீட்டாடுவார். ஒரு சீட்டு திரும்புவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். "என்னம்மா இது, நத்தை தோத்துடும் போல" என்று அவர் புலம்பியதால்தான் அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"நம்ம கண்ணுக்குத் தெரியாம பின்னாடி நெறைய ஓடிக்கிட்டிருக்கும்பா. இங்க பட்டியல் வரும் பாருங்க. பாட்டு ஆப், அரட்டை ஆப் எல்லாத்தையும் நிறுத்தலாம். இந்தப் பக்கம் வந்து அணைச்சிட்டா, அடுத்த தடவ ஆன் பண்ணும்போது தானா கெளம்பாது. ஆனா பேரு தெரியாததத் தொடாதீங்க."

"மோட்டார் போடுறவனுக்கே நிறுத்தச் சொல்லிக் குடுக்கிறியா?"

மறுநாளிலிருந்து அவருக்கு அது சீட்டாட்டத்தைவிடச் சுவையான ஆட்டமாகிவிட்டது. "இன்னிக்கு மூணு பேர வீட்டுக்கு அனுப்பிட்டேன். வண்டி பறக்குது பாரு!" வண்டி உண்மையாகவே பறந்தது. அவளும் சிரித்தாள்.

அவர் வீட்டுக்கு அனுப்பியவர்களில் ஒருவன், அவளுடைய கோப்புகளை உடனுக்குடன் வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் ஆப். திரையின் மூலையில் சின்ன மேகமாக இருப்பான். பேசுவதில்லை, பாடுவதில்லை, சன்னல் திறந்து முகம் காட்டுவதுமில்லை. சும்மா ஓடுகிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய சமயத்தில் லேப்டாப் நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "டிஸ்க்கு போயிடுச்சுங்க. ஒண்ணும் தேறாது. பேக்கப் இருக்குல்ல?"

"அதெல்லாம் இருக்கு" என்றாள் அவள், தைரியமாக.

பழுது பார்ப்பவருடைய கணினியிலேயே தன் பேக்கப் கணக்கைத் திறந்தாள். மழை ஓய்ந்த வாரங்களின் எண்கள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கோடை முழுவதும் இல்லை.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள். "அந்த மேகத்த நிறுத்துனீங்களா?"

"எந்த மேகம்? ஓ, அதுவா. ஒரு வேலையும் செய்யாம நாள் பூரா ஓடிச்சு. நிறுத்துனேன்."

"பேரு தெரியாததத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"அம்புட்டு முக்கியம்னா, முக்கியம்னு சொல்லி வெச்சிருக்கணும்."

அதே பதில். சோற்றில் கைவைத்தபடி கத்திய பிள்ளைக்குச் சொன்ன பதில். "என் படிப்பையே அணைச்சிட்டுப் போயிட்டீங்கப்பா! இப்பவும் நான்தான் சத்தம் குடுத்திருக்கணுமா?"

"சின்ன விஷயத்துக்கு ஏன்டி இந்தக் கத்து கத்துற?" என்று அம்மா குறுக்கே வந்தாள். அது சின்ன விஷயம் இல்லை என்று விளக்கினால் புரிந்துகொள்ளக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் அவளை மேலும் எரித்தது.

அடுத்த ஞாயிறு அவர் தனியாகக் கிளம்பினார். வெயிலில் கிணறு கிணறாகச் சுற்றி, சாயங்காலம் சட்டையெல்லாம் பாசியோடு வந்து ஒரு தாளை நீட்டினார். "எல்லாத்தையும் அளந்துட்டேன். எழுதிக்கோ."

"இது இந்த வாரத்துத் தண்ணி."

"தண்ணி தண்ணிதானே?"

"போன கோடையில இருந்த தண்ணி எங்கப்பா இருக்கு? போய் அளந்துட்டு வாங்க, பார்ப்போம்!" தாளை அவர் முன்னாலேயே கிழித்தாள். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அப்போதாவது தப்பு என்ற அந்த ஒரு சொல் வரும் என்று நின்றாள். குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து வெளியே போனார். அவள் உள்ளேதான் நின்றிருந்தாள்.

இருந்த எண்களை வைத்து ஒப்பேற்றிப் பட்டம் வாங்கிவிட்டாள். முனைவர் படிப்பு இடம் இன்னொருவருக்குப் போயிற்று. அவள் ஒரு அலுவலகத்தில் யாருடைய எண்களையோ தட்டச்சு செய்யப் போனாள். படித்த பிள்ளை பொறுத்துப் போக வேண்டும் என்றார்கள் உறவினர்கள். படித்ததால்தானே போனது எதுவென்று தெரிகிறது? ஒரு கேள்வி மட்டும் அவளைக் குடைந்தது: போனது எதுவென்று அவருக்குத் தெரியவே இல்லை என்றால், தான் யார்மேல் கோபப்படுவது?

வேறு லேப்டாப் வந்த பிறகு அவர் அதைத் தொடவில்லை. வாசற்படியில் நின்று, தினமும் கேட்பார். "அந்த மேகம் ஓடுதா?"

"ஓடுது." அதற்குமேல் ஒரு சொல்லும் அவள் கொடுக்கவில்லை.

ஒருநாள் பம்ப் அறையில் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு துளியை வீணாக்காத மனிதர் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் அதையே நெனச்சுக்கிட்டிருக்கியா? தெனம் 'ஓடுதா ஓடுதா'ன்னு கேட்டாரே. அதுலயே தப்புன்னு சொல்லிட்டாருன்னு வெச்சுக்கயேன்."

"சொல்லலையேம்மா" என்றாள் மகள்.