மான் பார்க்கப் போய்க் காகம் தேடிய சனிக்கிழமை

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சுவிஸில், டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் மான் இறைச்சி பரிமாறிய தட்டுகளாகவே கழுவ வரும். உயிருள்ள மானை ஒருநாளும் கண்டதில்லை என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மகள் விடவில்லை. தேசியப் பூங்காவுக்குள்ளால் ஒரு மலைப்பாதை போகிறது, இந்த மாதம் அங்கே கிடாய் மான்கள் இணை தேடிக் கத்தும், விடியவே போக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காரை எடுத்தாள்.

அது புரட்டாதிச் சனி. எனக்கு ஏழரைச் சனி நடப்பதால் மனைவி விரதம். காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் அவள் வாயில் ஏதும் வைப்பாள். எங்கள் பல்கனிக்குக் காகம் வருமுன்னமே புறப்பட வேண்டியிருந்தது. "காகம் இல்லாத ஊரும் இருக்கோ?" என்று எள்ளுச்சோற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள். அவளுக்கு நீரிழிவும் உண்டு.

பூங்காவுக்குள் மகள் காட்டைப் பார்த்தாள், மனைவி வானத்தைப் பார்த்தாள். காகம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே எதற்கும் தீனி போடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கார் நிறுத்துமிடம் ஒன்றில் சிலர் தொலைநோக்கியோடு நின்றார்கள். ஒரு வயதானவர் தன்னுடையதை எங்களுக்கு விட்டுத் தந்தார். எதிர்ச் சரிவில் கொம்பை மேலே தூக்கிக் கத்திக்கொண்டு நின்றது ஒரு கிடாய். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. மனைவியும் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. பக்கத்தில காகம் ஒண்டும் நிக்கேல்லையோ?"

அவள் என்ன கேட்கிறாள் என்று அந்த மனிதர் மகளிடம் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரிக்காமல் யோசித்து, கணவாயின் உச்சிக்குப் போய்ப் பாருங்கள், அது பூங்காவுக்கு வெளியே என்றார்.

போகும்போது மனைவியின் கை நடுங்கத் தொடங்கியது. சாப்பிடச் சொல்லி மகள் கெஞ்சினாள், பிறகு ஏசினாள். சனீஸ்வரன் கோவிக்க மாட்டார் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கெண்டால் சாப்பிட்டிருப்பன். இது கொப்பாவுக்கு" என்றாள் மனைவி.



உச்சியில் மோட்டார் சைக்கிள்காரர் நிறையப் பேர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். மனைவி ஒரு கல்லின் மேல் சோற்றை வைத்தாள். கூப்பிட அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

"நீங்கள் கூப்பிடுங்கோப்பா" என்றாள் என்னிடம்.

"கா... கா..." என்றேன்.

"அப்பா, பக்கத்தில நிக்கிற எனக்கே கேக்கேல்லை" என்றாள் மகள்.

மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. பிறகு யாரையும் பார்க்கவில்லை. வாய்க்கு இரு கையையும் கூட்டி மலை முழுக்கக் கேட்கக் கத்தினேன். கோப்பி குடித்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் நிறுத்தவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒரு பறவைக் கூட்டம் கிளம்பி வந்து இறங்கியது. சோற்றைக் கொத்தியது.

மனைவி உற்றுப் பார்த்தாள். "சொண்டு மஞ்சளாக் கிடக்கு. இது காகமோ?"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "காகம் இல்லை அம்மா. ஆனால் காகத்தின்ர சொந்தம்."

"சொந்தக்காரர் வந்து சாப்பிட்டால் வீட்டுக்காரர் சாப்பிட்ட மாதிரித்தானே" என்று மனைவி பெட்டியைத் திறந்தாள். நிலத்தில் இருந்தபடியே சாப்பிட்டாள். நடுக்கம் நிற்கும்வரை நான் பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த நாள் மழை. கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பத்து மணிக்கு வேலைக்குப் போனேன்.