தொட்டுக் கும்பிடாத கை

இங்கே காலையில் முப்பத்தைந்து பேருக்குக் கை கொடுத்த பிறகுதான் சப்பாத்து மாட்டலாம். உடைமாற்றும் அறைக் கதவைத் திறந்ததும் முதல் ஆளிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவன் காலுறை இழுத்துக்கொண்டிருப்பான், ஒருவன் பாண் துண்டைச் சப்பிக்கொண்டிருப்பான், ஒருவன் துவாயோடு நிற்பான். அதெல்லாம் பரவாயில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்து, ‘சலு’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். கை ஈரமாக இருந்தால் மணிக்கட்டை நீட்டுவார்கள், அதைப் பிடிக்க வேண்டும். உடுப்புத் தோய்க்கிற அம்மாவைக்கூட விட முடியாது. ஒருவரை விட்டுவிட்டால் மத்தியானம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். வந்த புதிதில் யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்று தடுமாறி, எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சியாளர் பஸ்காலுக்கு இரண்டாம் தரமும் கையை நீட்டிவிட்டேன். மனிதர் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். “இன்றைக்கு நாங்கள் பார்த்தாயிற்று. என் முகம் என்ன, அவ்வளவு மறந்துபோகிற முகமா?” என்று கேட்டார். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு தரம் கை கொடுத்தால் முதல் தரம் கொடுத்ததை மறந்துவிட்டோம் என்று அர்த்தமாம், அது அவமதிப்பாம். கொடுக்காவிட்டாலும் குற்றம், கூடக் கொடுத்தாலும் குற்றம். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லித் தரவில்லை.

நான் தெல்லிப்பழைப் பெடியன். வயது இருபத்துமூன்று. பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்ன நகரத்துக் கழகத்தில் றக்பி விளையாடுகிறேன். எங்கள் பக்கம் கிரிக்கெட்டையும் உதைபந்தையும் தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு விளையாட்டு ஆசிரியர் இரண்டு பந்துகளைக் கொண்டுவந்தார். அந்தக் காய்ந்த செம்மண் நிலத்தில் விழுந்தெழும்பி முழங்காலில் தோல் தங்காத வருடங்கள் அவை. பிறகு கொழும்பில் ஒரு கழகம், அங்கிருந்து வெளிநாட்டுச் சுற்றுப்போட்டி ஒன்று, அங்கே என்னைக் கண்ட ஒருவர் மூலம் இங்கே ஒரு வருட ஒப்பந்தம். அதுவும் இரண்டாம் அணியில். வருட முடிவில் முதலாம் அணிக்கு எடுத்தால் இருக்கலாம். எடுக்காவிட்டால் ஒப்பந்தத்தோடு விசாவும் முடிந்தது. பாரிசில் இருக்கும் மாமாவுக்கு இது விளங்கவே இல்லை. கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் எடுப்பார். “உந்த முட்டைப் பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அடிபடுறதும் ஒரு வேலையே? விட்டிட்டு இஞ்சை வா, கடையிலை நிக்கலாம்” என்பார். அவர் சொல்லும்போது வருகிற கோபத்தில் அன்றைக்கு இரண்டு மடங்கு ஓடுவேன்.

என் வேலை இதுதான். பந்துடன் ஒருவன் விழுந்ததும் அந்த இடத்துக்கு முதல் ஆளாகப் போக வேண்டும். விழுந்தவனுக்கு மேலால் குனிந்து நின்று, எங்கள் பந்தென்றால் காக்க வேண்டும், அவர்களுடையதென்றால் பிடுங்க வேண்டும். அந்தக் குவியலில் நிலத்தில் கிடக்கும் கால், கை, முதுகு எல்லாவற்றிலும் சப்பாத்து படும். வேண்டுமென்று மிதித்தால் குற்றம். தற்செயலாகப் பட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை. நான் மட்டும் கவனித்தேன். சரியாகச் சொன்னால், நான்கூட இல்லை, என் வலது கை கவனித்தது. கால் பட்ட அடுத்த கணம் அது கீழே போய் அந்த ஆளைத் தொட்டு, மேலே வந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும். வாசிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒருவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று உங்களுக்கும் யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். நடக்கப் பழகியபோது அதுவும் சேர்ந்து வந்திருக்கும்.

எனக்கு அது வந்தது அப்பாவின் மினிபஸ்ஸில். அப்பா காங்கேசன்துறை – யாழ்ப்பாணம் ஓட்டத்தில் கொண்டக்டர். இருபத்தைந்து பேர் இருக்கிற பஸ்ஸில் ஐம்பது பேரை ஏற்றிவிட்டு, “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு” என்று பொய் சொல்லிக்கொண்டே, அந்த நெரிசலுக்குள் முன்னும் பின்னும் போய்வருவார். ஒவ்வொரு நடைக்கும் எத்தனை பேருடைய காலில் அவருடைய கால் படும்! ஒருவரையும் விடமாட்டார். தோளிலோ முழங்கையிலோ விரல் தொடும், கண்ணுக்குப் போகும், அதற்குள் வாய் “மல்லாகம் இறங்கிற ஆக்கள் வாங்கோ” என்று கத்திக்கொண்டிருக்கும். திட்ட வாயெடுத்த ஆளும் திட்டாமல் இருந்துவிடுவார். பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் அந்தப் பஸ்ஸில்தான் கிடப்பேன். எங்கள் பள்ளிக்கூட அணியிலும் எல்லோரும் இதைச் செய்தோம். எதிரணியும் எங்கள் ஊர்ப் பெடியங்கள்தானே, அவர்களும் செய்தார்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டால் யாருக்கு நட்டம்? கொழும்பில் சிரித்தார்கள். ஆனால் நான் வேகமாக ஓடினேன், அதனால் விட்டுவிட்டார்கள்.

இங்கே விடவில்லை. குளிர்காலத்தில் ஒரு போட்டி. முடிய நாலு நிமிடம் இருந்தது, நாங்கள்தான் முன்னுக்கு. எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவன் பந்துடன் விழுந்தான். நான்தான் முதல் ஆளாகப் போனேன். போன வேகத்தில் நிலத்தில் கிடந்த எதிரணிக்காரன் ஒருவனின் கெண்டைக்காலில் என் சப்பாத்து பட்டது. கை கீழே போய்விட்டது. அது திரும்பி மேலே வருவதற்குள் அவர்களில் இன்னொருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோட்டுக்குள் விழுந்து புள்ளி எடுத்தான். தோற்றோம். கெண்டைக்காலுக்கு உரியவன் நான் அவன் காலைப் பிடித்து இழுத்தேன் என்று நடுவரிடம் முறைப்பாடு வேறு செய்தான்.

திங்கட்கிழமை எல்லோரையும் கதிரைகளில் இருத்தி வீடியோ போட்டார்கள். பஸ்கால் அந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு முந்தைய போட்டி ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று. ஒவ்வொன்றிலும் என் கை கீழே போய்க் கண்ணுக்கு வருகிறது. பெரிய திரையில் அது எனக்கே விசித்திரமாக இருந்தது. “உன் கையில் என்ன?” என்று கேட்டார். என்னிடமிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் “மரியாதை” என்றேன். “யாருக்கு? பந்தை எடுக்க வந்தவனுக்கா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் என்னைக் கழக வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, “இங்கே நோகிறதா? இங்கே?” என்று கேட்டார். நோகவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, நரம்பாக இருக்கலாம் என்று படமும் எடுப்பித்தார். படத்தில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இது மத விஷயம் என்று பஸ்கால் முடிவு செய்தார். கதவைச் சாத்திவிட்டு, “உன் பிரார்த்தனையில் நான் தலையிடவில்லை. ஆனால் அதைப் போட்டி முடிந்த பிறகு செய்” என்றார், மிகவும் பக்குவமாக. இது சாமி கும்பிடுவது இல்லை ஐயா, மனிதரைக் கும்பிடுவது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, பிரெஞ்சு வரவில்லை. காலையில் முப்பத்தைந்து பேருக்குக் கை கொடுப்பது மட்டும் என்ன, உடற்பயிற்சியா? அதையும் கேட்கவில்லை. “விய்” என்று தலையாட்டிவிட்டு வந்து, அறையில் சுவருக்குக் குத்தினேன்.

எங்கள் அணியில் பிஜிக்காரன் ஒருவன், ஜோனே. அவனுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களுடைய ஊரில் ஒருவருடைய தலையைத் தொடவே கூடாதாம். றக்பியில் தலையைத் தொடாமல் என்ன செய்வது? “பழகிவிடும்” என்றான். எவ்வளவு நாள் எடுத்தது என்று கேட்டேன். “ஊருக்குப் போனபோது என் பெரியப்பாவின் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் பழகிவிட்டது என்று தெரிந்தது” என்றான். அவன் அதைச் சொல்லிச் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

பஸ்கால் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவரென்றால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் எனக்காகவே ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். ஆறு பேரை நிலத்தில் படுக்க வைப்பார். நான் அவர்களுக்கு மேலால் ஓடிப்போய்ப் பந்தைக் காக்க வேண்டும். என் கை கீழே போனால் தண்டனை எனக்கில்லை. முழு அணியும் பத்து முறை தண்டால் எடுக்க வேண்டும். முதல் நாள் எத்தனை பத்து எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். மழைச் சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முப்பது பேர் என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நான் வலது கை விரல்கள் நான்கையும் சேர்த்து நாடாவால் சுற்றிக்கொண்டேன், ஞாபகத்துக்கு. அப்பா தொலைபேசியில் கேட்பார்: “விளையாட விடுறாங்களோ?” இல்லையப்பா, இருத்தி வைத்திருக்கிறார்கள் என்பேன். “பேந்து ஏன் உன்னைக் கூப்பிட்டவங்கள்?” என்பார். காரணத்தைச் சொல்ல முடியுமா? நீங்கள் பழக்கிய பழக்கத்தால்தான் என்று எந்த வாயால் சொல்வது?

கை நின்றுவிட்டது. எந்த நாள் என்று தெரியவில்லை. ஒரு நாள் பயிற்சி முடிந்தபோது ஒருவரும் தண்டால் எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பஸ்கால் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முதலாம் அணியில் மாற்று ஆளாக இறங்கினேன், பிறகு தொடக்கத்திலிருந்தே இறங்கினேன். வசந்தம் முடிந்ததும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். அம்மா கீரிமலைக் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்வித்தாள். மாமாகூட “எட, உண்மையாவோ?” என்றார். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு ஊருக்கு வெளிக்கிட்டேன்.

ஊருக்குப் போன மூன்றாம் நாள், யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவல் முடித்துவிட்டு அப்பாவின் பஸ்ஸிலேயே திரும்பினேன். வெள்ளிக்கிழமை. கீரிமலைக்குப் போகிற சனம் வேறு, மூச்சுவிட இடமில்லை. நான் நடுவில் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைக் கடந்து முன்னுக்குப் போக வந்தார். சுன்னாகத்துக்குக் கிட்ட மாடு ஒன்று குறுக்கே வர, சாரதி பிரேக்கை அமத்தினார். நூறு கிலோவும் சப்பாத்துமாக நான் அப்பாவின் காலில் ஏறி நின்றேன். அவர் ரப்பர்ச் செருப்புத்தான் போட்டிருந்தார். “ஆ” என்றார். நான் காலை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. வலது கை கம்பியிலேயே இருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்:

“என்ன தம்பி, கையிலை ஏதும் நோவோ?”

நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். தன் பிள்ளை காரணமில்லாமல் அப்படி நிற்க மாட்டான் என்று அவ்வளவு நம்பிக்கை. கை அசைந்ததற்கு ஒரு வைத்தியர் இதே கேள்வியைக் கேட்டார். அவரிடம், நோகவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கை அசையாததற்கு அப்பா கேட்டார். “ஓமப்பா, கொஞ்சம் சுளுக்கு” என்றேன். “அதுதானே” என்றுவிட்டு முன்னுக்குப் போனார். போகிற வழியில் யாருடைய காலிலோ மிதித்துவிட்டார் போல, அவருடைய விரல்கள் கண்ணுக்குப் போய் வந்தன.

அன்று பின்னேரம் எங்கிருந்தோ நோவெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தார். என்னைக் கதிரையில் இருத்தி, தான் கீழே இருந்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் உருவிவிட்டார். மிதிபட்ட அவருடைய பெருவிரல் நீலமாக வீங்கிக் கிடந்தது. அதற்கு ஒரு சொட்டும் பூசவில்லை. உங்கடை காலுக்குப் பூசுங்கோ என்றேன். “அது மாறிடும். உனக்குத்தான் கை முக்கியம், விளையாடுறனி” என்றார். நான் திரும்பப் போகிற நாள் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் உருவினார், நோகாத கையை நோகிற மாதிரி வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அடுத்த நாள் அம்மாவின் காலில் என் கால் தட்டியபோது யோசித்து, கையைக் கொண்டுபோய்த் தொட்டுக் கும்பிட்டேன். அம்மா கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும், யோசித்துச் செய்தால் அது நடிப்பு. ஆனாலும் விடவில்லை. ஊரில் நின்ற நாலு கிழமையும் பஸ்ஸில், கோயிலில், கடையில் என்று வெட்கம் பார்க்காமல் பழகினேன். பஸ்காலின் பயிற்சியைத் தலைகீழாகச் செய்தேன் என்று சொல்லலாம்.

திரும்பி வந்த முதல் நாள். முப்பத்தைந்து பேருக்கும் கை கொடுத்தேன். பஸ்காலுக்கும் கொடுத்தேன், கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். சப்பாத்து மாட்டிக்கொண்டு ஒடுங்கிய நடைவழியில் திரும்பும்போது அவருடைய காலில் மிதித்துவிட்டேன். கை தானாகப் போனது. யோசிக்கவே இல்லை, தானாகப் போனது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பாதி வழியில் சேற்றில் முகம் புதைத்த முப்பது பேரும் ஞாபகம் வந்தார்கள், கை நின்றுவிட்டது. விரித்த உள்ளங்கையோடு அவருடைய இடுப்புக்கு நேரே நின்றது. பஸ்கால் அதைப் பார்த்தார். தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“இன்றைக்கு நாங்கள் பார்த்தாயிற்றே” என்றார், சிரித்துக்கொண்டு.

“பார்தோன்” என்றேன். அவர் மைதானத்துக்குப் போய்விட்டார். என் கை அங்கேயே நின்றது. கீழே போகவும் இல்லை, மேலே வரவும் இல்லை. நான்தான் மற்றக் கையால் அதைப் பிடித்து இறக்கினேன். நோவெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை.