சிவப்புக் கோட்டைத் தாண்டிய காய்ச்சல்

மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் உடம்பு என் பேச்சைக் கேட்காமல் போயிற்று. தாளிப்பு வாசனைக்கே குடல் புரண்டது. வாயெல்லாம் புண். களமருதூரில் வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தவள் நான். விரல் நுனி மரத்துப்போய், ஊசி குத்தினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கணவருக்குச் சென்னையில் கட்டட வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வந்தாள். ஒரு கல்யாணப் பேச்சில் மனம் கசந்து, ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓட்டலில் காய் நறுக்குபவள், எழுதப் படிக்கத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது நர்ஸை அவள் விடவில்லை. எத்தனை தடவை வாந்தி எடுத்தால் வரணும், வாய்ப்புண்ணுக்கு எதில் கொப்பளிக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று நர்ஸ் சொன்னதும், புதிதாக வாங்கிய தெர்மாமீட்டரை நீட்டினாள்.

"எனக்கு நம்பர் தெரியாதுங்க. எது வரிக்கும் ஏறுனா பயப்படணும்னு ஒரு கோடு போட்டுக் குடுங்க."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த பெண்ணிடம் நகப்பூச்சு வாங்கி, கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போட்டுக் கொடுத்தார் நர்ஸ்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அடுப்பு எரியவில்லை. கொல்லையில் சமைத்து, கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி, வாசனை அடங்கும்வரை ஆறவைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். உப்பும் சோடா மாவும் கரைத்த நீரில் கொப்பளிக்காமல் படுக்க விடமாட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் எனக்குக் குளிர் எடுத்தது. ஊரெல்லாம் காய்ச்சல்தான், மாத்திரை போட்டுப் படு என்றார்கள் அக்கம்பக்கத்தார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அவள் தெர்மாமீட்டரை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோட்ட தாண்டிடுச்சி, அண்ணி. கெளம்பு."

சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அதற்குள் பையை எடுத்துவிட்டாள். பஸ் இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த மினி லாரியை நடுரோட்டில் நின்று நிறுத்தினாள். டிரைவரிடம் என்ன சொன்னாளோ, கிளீனர் இறங்கிக் கிழங்குமேல் ஏறிக்கொண்டார். வண்டி ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. சாயங்காலம்வரை விட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டர். காய்ச்சலைக் கவனித்தது யார் என்று அவர் கேட்டபோது அவள் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்பதெல்லாம் அச்சிட்ட ஒரு தாளை முதல் நாளே ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். பத்தாவது படித்த நான் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்ததோடு சரி. ஊசி மருந்து இறங்கிக்கொண்டிருந்த ஆறு நாளும் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. இவளோடா ஆறு வருஷம் பேசாமல் இருந்தேன்?

ஒருநாள் கேட்டேவிட்டேன், அத்தனை கோபத்திலும் எப்படி வந்தாய் என்று.

"கோவந்தான். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

என் சிகிச்சை முடிந்ததும் அவள் ஓட்டலுக்குத் திரும்பினாள். விரல்களில் பாதி உணர்வுதான் இன்னும் வந்திருக்கிறது. மறுபடி மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் அவளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்தேன். ஒரு கை கோணல். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.