காகத்துக்கு வைத்த சோறு

அந்த ஆந்தையைக் கொன்றது நீங்கள், தலைவரே. பழியை என் தலையில் போட்டதும் நீங்கள்தான்.

வாசிப்பவர்களுக்கு விஷயம் தெரியாது, சொல்கிறேன். சிட்னிப் புறநகரான கிரவீனில் இருபது வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டபின் சிட்னிக்கு மேற்கே மலைப்பக்கம் ஒரு சிறிய மரவீட்டுக்கு வந்தவன் நான். பக்கத்து வீட்டை, நீங்கள் தலைவராக இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் விடுமுறை வீடாக வாங்கியது. சாவியும் பராமரிப்பும் என்னிடம். மறுபக்கத்தில் கொலீன் என்ற வெள்ளைக்காரப் பெண் தனியாக இருக்கிறார். அவருடைய வளவில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரப் பொந்தில் ஒரு சோடி ஆந்தை. நான் குடிவந்த அன்று கதவைத் தட்டி அவர் சொன்ன முதல் செய்தியே அதுதான். ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று பயந்து வளர்ந்தவன் நான். அவரோ அந்தச் சத்தம் கேட்டால்தான் தனக்கு நித்திரை வரும் என்றார்.

புரட்டாசிச் சனிக்கு எங்கள் ஆட்கள் பென்டில் ஹில் தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கிக்கொண்டு மூன்று கார்களில் சங்க வீட்டுக்கு வந்தார்கள். விரதச் சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தானே சாப்பிடுவது. வாழையிலையில் வைத்துவிட்டு எல்லோரும் வெரண்டாவில் காத்திருந்தோம். காகம் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக, மக்பை என்ற இந்த நாட்டுப் பறவை ஒன்று வந்து கொத்தியது.

"இது காகமில்லையே," என்றார் ஒருவர்.

"அரைவாசி கறுப்புத்தானே. காணும், வாங்கோ சாப்பிடுவம்," என்றார் அவர் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இலையை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. ஊரில் எடுக்கத் தேவையில்லை. காகம், அணில், நாய், எறும்பு என்று திரும்பிப் பார்ப்பதற்குள் இலை வெறுமையாகிவிடும். இங்கே சோறு கிடந்து புளித்தது. அடுத்த சனி இன்னொரு குடும்பம், இன்னொரு இலை. கடைசிச் சனி வருவதற்குள் சங்க வீட்டுக் குசினிக் கூரைக்குள் எலி ஓடியது.

மிஞ்சிய சோற்றை மூடியுள்ள வாளியில் போடச் சொல்லுங்கள் என்று உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

"காகத்துக்கு வைச்சதைக் குப்பையில போடுங்கோ எண்டு நான் எப்பிடி அண்ணை சனத்திட்டச் சொல்லுறது? எலி மருந்து கொண்டு வாறன். விடுங்கோ."

கொண்டுவந்தீர்கள். அந்தப் பச்சைக் கட்டிகளை உங்கள் கையாலேயே வீட்டுக்கு அடியில் தள்ளினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வன்னியில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்த காலத்தில் எலி எங்கள் அரிசியில் பங்கு எடுத்தது. ஆனாலும் ஒருவரும் மருந்து வைக்கவில்லை. பிள்ளைகள் நிலத்தில் படுக்கிறார்கள், எடுத்து வாயில் போட்டுவிடும் என்ற பயம். அவ்வளவு பட்டினியிலும் அந்த யோசனை எங்களுக்கு இருந்தது.

இரண்டு கிழமை கழித்து கொலீன் ஒரு துவாயைச் சுற்றிப் பிடித்தபடி வந்தார். உள்ளே செத்த ஆந்தை. மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கிறது.

"நீங்களா வைத்தீர்கள்?"

இல்லை என்றேன். அவர் தன் போனைக் காட்டினார். ஆந்தையைக் கண்டதும் அவர் முதலில் சங்கத்துக்குத்தான் எழுதியிருக்கிறார்; அதற்கு வந்த மன்னிப்புக் கடிதம். 'பராமரிப்பாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, கீழே நீங்கள் கையெழுத்து வைத்திருந்தீர்கள். சாவி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"சரி, அது அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அதற்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கை காட்டுவதில்லை. சங்கத்து வாட்ஸ்அப்பில் நான் உங்களைக் கேள்வி கேட்டதற்கு, ஒரு பறவைக்காக வெள்ளைக்காரியின் பக்கம் நிற்கிறேன் என்கிறார்கள். இந்தப் பக்கம் காய்ந்த வாழையிலை இன்னும் வேலியோரத்தில் கிடக்கிறது. அந்தப் பக்கம் மிஞ்சிய ஒற்றை ஆந்தை பொழுதுபட்டால் கூப்பிடுகிறது, பதில் இல்லை. நடுவில் நான் இருக்கிறேன்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு கொலீனை அழைக்கப்போகிறேன். தெரிந்தும் பேசாமல் நின்றேன் என்று நானே முதலில் எழும்பிச் சொல்வேன். அதன் பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்து, அவருக்கு விளங்கும் மொழியில், எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள் தலைவரே: அந்தக் கட்டிகளைக் கொண்டுவந்தது யார்?