வளப்பூர் நாட்டுக்கு வந்த காட்டு உள்ளான்

உள்ளான் என்றால் கடற்கரைச் சேற்றில் இரை தேடும் பறவை என்றுதான் பலருக்கும் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டு உள்ளான் குளிர்காலத்தில் மலைக்காட்டுக்கு வந்து ஒளிந்து வாழும். கொல்லிமலையில் அதைப் பார்த்ததாக ஒரு மிளகு வியாபாரி சொன்னார். கடற்கரை உள்ளான்களை நிறையப் படம் எடுத்திருந்த எனக்கு இது ஒன்றுதான் பாக்கி. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழியில் கிளம்பினேன்.

ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வரை பஸ். அதற்கு மேல் நடைதான். காலையில் ஏறத் தொடங்கி, வளப்பூர் நாட்டைச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வியாபாரிக்குத் தெரிந்த விவசாயி சடையனும் அவர் மனைவி பாப்பாயியும் தங்க இடம் கொடுத்தார்கள்.

பலா மரங்களுக்குக் கீழே ஓடைச் சேற்றருகே இரண்டு அந்திகள் காத்திருந்தேன். இரண்டாம் நாள், சருகு நிறத்தில் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. நீண்ட அலகு தெரிந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் காணோம். சாப்பிடும்போது சடையனிடம், "அது கிடைத்தால் போதும்" என்று புலம்பினேன்.

மறுநாள் காலையில் அவர் துண்டில் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். கண்ணி வைத்துப் பிடித்த காட்டு உள்ளான்.

"நீங்க கேட்டதுங்க. அடி ஒண்ணும் படலீங்க" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

நான் கேட்டது படத்தை என்று எப்படிச் சொல்வது? வெளியே ஒரே மூடுபனி. படம் எடுக்க வெளிச்சம் போதாது. பனி விலகும்வரை கூடையைக் கவிழ்த்து மூடி வைக்கலாம் என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பாப்பாயி பறவையைத் துண்டோடு வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, இதோட நெஞ்சு என் கையில இடிக்குதுங்க. பனி விலகற வரைக்கும் தாங்காதுங்க."

ஓடைக்கரைக்குக் கொண்டுபோய் விட்டோம். கைக்கெட்டும் தூரத்தில் சற்று நின்றது. ஒரு படம் எடுத்தேன். பிறகு பனிக்குள் பறந்துவிட்டது. பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அந்தப் படத்தில் சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது.

மேலும் நான்கு நாள் காத்திருந்தும் பறவை அந்த ஓடைக்கு வரவில்லை. சடையனும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது, "அதெப் பிடிச்சது தப்புங்களா?" என்று கேட்டார். நான் சொன்ன விதம்தான் தப்பு என்றேன். அவர் முகம் தெளியவில்லை. படம் கிடைக்காத வருத்தம் சில வருடங்களில் ஆறிவிட்டது. அந்த முகம் இன்னும் உறுத்துகிறது.

இப்போது மேலே பஸ் போகிறது. மார்கழி, தை மாதங்களில் போங்கள், கம்பளி அவசியம். அந்தி நேரத்தில் ஓடையோரம் அசையாமல் உட்காருங்கள். தங்க இடம் கொடுத்தவர்கள் உங்கள் ஆசையைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், நிறைவேற்றவும் பார்ப்பார்கள். அதனால், தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.