சீசனுக்குக் கொடுத்த வீடு

சொந்த வீடு கட்டுகிறவனைப் போல ஏமாளி உலகத்தில் கிடையாது என்பது என் கணவரின் கட்சி. அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓய்வு பெற்றதும் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று தொண்டை வறளக் கத்தினேன். "கூரை ஒழுகுனா வாடகை ஊட்டுல ஓனரைக் கூப்புடலாம். சொந்த ஊடுன்னா யாரைப் புள்ள கூப்புடுவே?" என்பார். கடைசியில் மலையிலேயே, பெர்ன்ஹில்லில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய வீட்டுக்கு வாடகைக்குப் போனோம்.

முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. கோயம்புத்தூரில் இருந்த ஓனர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் இவரே தார்ஷீட்டும் ஆணியுமாக மேலே ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இப்ப யாரைக் கூப்புடறீங்க?" என்று கேட்டேன். பதிலுக்குச் சுத்தியல் சத்தம்தான் வந்தது.

அன்றிலிருந்து மனுஷனுக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. சுவரில் படர்ந்த பூஞ்சையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். அடைத்துக் கிடந்த புகைபோக்கியைச் சுத்தம் செய்து, குளிருக்கு நெருப்பு மூட்டும்படி ஆக்கினார். நானும் சும்மா இருக்கவில்லை. வாசல் நெடுக ஹைட்ரேஞ்சியா பூச்செடி வைத்தேன். உறைபனியில் கருகாமலிருக்க, சாயங்காலமே பழைய சேலைகளை எடுத்துச் செடிகளுக்குப் போர்த்திவிடுவேன். அடுத்தவன் வீட்டுக்கு இப்படி மாரடிக்கிறோமே என்று எரிச்சலாக வரும். ஆனாலும் கை நிற்காது. சாகும்வரை இங்கேயே இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஓனரின் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். முன்னறைகளை ஒழித்துக் கொடுத்துவிட்டு நாம் சமையலறையில் படுத்துக்கொள்ள வேண்டும். நாங்களும் வெந்நீர் போட்டு, டீக்கு வர்க்கி வாங்கி வைத்து, விழுந்து விழுந்து கவனித்தோம். நன்றாகக் கவனித்தால் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தோம். அந்த நினைப்புதான் எங்கள் தலையில் மண்ணைப் போட்டது.

போன சீசன் முடிந்ததும் ஓனர் நேரில் வந்தார். வாயெல்லாம் பல். "ஓட்டல்ல கூட இப்படி இருக்காதுன்னு வந்தவங்க எல்லாம் சொல்றாங்க. அதான் டூரிஸ்டுங்களுக்கு வாடகைக்கு உடற காட்டேஜ் ஆக்கிரலாம்னு இருக்கறனுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க. பின்னால விறகு ரூம்ல இருந்துக்கங்க. வாடகையே வேண்டாம். வர்றவங்களைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு எங்கே போவது? கையிருப்பெல்லாம் இவருடைய ஆபரேஷனில் கரைந்துவிட்டது. ஊரில் பாதி வாடகை வீடுகள் ஏற்கெனவே காட்டேஜ் ஆகிவிட்டன. மிச்சம் இருப்பதையும் வயசானவர்களுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். இவர் சரியென்று தலையை ஆட்டினார்.

இப்போது வெந்நீர் வாளியை முன்வாசலில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகத் திரும்பி வருகிறோம். விறகு அறைச் சுவரில் பூஞ்சை ஏறுகிறது. இவர் அதைச் சுரண்டுவதில்லை.

போன வாரம் திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண் பூக்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். இவரைப் பார்த்து, "ஐயா, இது உங்க சொந்த வீடா? குடுத்து வச்சவங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"ஆமாங்க. எங்க ஊடுதானுங்க. பாத்துப் பாத்துக் கட்டுனது."

வாழ்நாள் முழுக்கச் சொந்த வீடே வேண்டாம் என்று என்னோடு மல்லுக்கட்டிய மனுஷன். முறைத்துப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சண்டை போட எனக்கும் தெம்பில்லை. காலி வாளியை எடுத்துக்கொண்டு விறகு அறைக்குப் போனேன்.